கசந்தது காத்தோட்டிக்காய் அல்ல

விரதச் சமையலில் உப்புக்கூடப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். படைத்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் எதையும் வாயில் வைப்போம். இந்த ஆடி அமாவாசைக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பிஞ்சுச் சுரைக்காய் வாங்கிப் பால்கறி வைத்தேன். அன்றைக்கென்றே எங்கள் ஊரில் சமைக்கும் காத்தோட்டிக்காயும் இருந்தது. அது இயல்பிலேயே கசக்கும்.

தகப்பனுக்காக விரதம் இருந்த என் கணவர் முதலில் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் வாயிலேயே முகம் சுளித்தார்.

"என்னப்பா, சுரைக்காயும் கசக்குது?"

காலையிலிருந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்த எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"காத்தோட்டிக்காயைச் சாப்பிட்டுப்போட்டுச் சுரைக்காயிலை பழி போடாதேங்கோ. கதையாமல் சாப்பிடுங்கோ!"

மனுசன் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அரை மணித்தியாலத்தில் வாந்தி தொடங்கியது, நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

சேலைன் ஏற்றிய டொக்டர், "கசக்கிற சுரைக்காய் நஞ்சு. உடனே துப்பியிருக்க வேணும்" என்றார்.

"நான் சொன்னனான் டொக்டர். இவதான் கதையாமல் சாப்பிடச் சொன்னவ."

எங்கே முகத்தை வைப்பது?

நல்லகாலம், மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள். வந்து பார்த்தால், மதிலில் காகத்துக்கு வைத்த இலையில் சோறும் பருப்பும் போய், சுரைக்காய் மட்டும் அப்படியே காய்ந்து கிடந்தது.

இப்போது விரத நாளில் குளிக்கப் போகும் முன்பே சுரைக்காயில் ஒரு துண்டு வெட்டி, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுகிறேன். யாராவது கசக்குது என்றால் முதலில் சாப்பாட்டை எடுத்துவிடுகிறேன். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.