பாதி மாத்திரை

பன்னைப் பிட்டுப் பாதியை யாரிடமாவது நீட்டிவிட்டுத்தான் மீதியை வாயில் வைப்பாள் சகாயசெல்வி. உப்பளத்தில் மூட்டை தைக்கிற இடத்திலும் அப்படித்தான். வடையோ வாழைப்பழமோ, எதுவும் முழுதாக அவள் வாய்க்குப் போனதில்லை. "முழுசா தின்னா தொண்டையில நிக்குது, நான் இன்னா பண்றது?" என்பாள். "எனக்கே பாதி பொண்டாட்டிதாங்க கெடைச்சா" என்று புருஷன் சாலமன் சிரிப்பான்.

போன வருஷம் நிற்காத இருமல் வந்தது. புகையிலையைத் தொட்டறியாதவளுக்கு நுரையீரல் புற்றுநோய், அதுவும் முற்றிவிட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சதைத் துணுக்கைச் சோதித்துவிட்டு இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். தினம் ஒரு மாத்திரை. அது அவள் கட்டியின் மரபணுக் கோளாறைக் குறிவைத்து அடக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ். அது உடம்பின் சொந்தக் காவலை எழுப்பிவிடும். ஐந்தே மாதத்தில் மூச்சு வாங்காமல் ஜெபமாலை சொல்லி முடித்தாள்.

டிரிப்ஸ் ஏற்றும் அறையில் பக்கத்து நாற்காலி பெருமுக்கல் ஊரிலிருந்து வரும் கொளஞ்சியம்மாளுக்கு. அதே நோய்தான், ஆனால் டிரிப்ஸ் மட்டும். "ஏண்டி செல்வி, உங்க ஏசு ஒனக்கு மட்டும் மாத்திரை எழுதிக் குடுத்தாரா? எங்க மலைமேல இருக்கிற சாமி தூங்குறாரா?" விளையாட்டாகத்தான் கேட்டாள். வீடு வரும்வரை பஸ்ஸில் செல்விக்கு மனசு ஆறவில்லை. மறுநாளிலிருந்து மாத்திரையைக் கத்தியால் பாதியாக்கினாள். சேர்ந்த பாதிகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "யாருக்கும் சொல்லாதக்கா. ஆண்டவர் ரெண்டு பேரையும் பாத்துப்பாரு."

இரண்டு முறை கொடுத்திருப்பாள். அடுத்த ஸ்கேனில் செல்வியின் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. டாக்டர் கேட்டதும் அவளுக்கு மறைக்கத் தெரியவில்லை. "அவங்க கட்டி வேறம்மா, இந்த மாத்திரை அதை ஒண்ணும் பண்ணாது. உங்களுக்குப் பாதி பத்தாது. ரெண்டு பேருக்கும் இல்லாம பண்ணிட்டீங்களே!" கொளஞ்சியம்மாளுக்கோ அந்தப் பாதிகளால் ஓயாத வயிற்றுப்போக்கு. டிரிப்ஸால்தான் என்று நினைத்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த டிரிப்ஸையே நிறுத்தி அவளை வார்டில் சேர்த்திருந்தார்கள்.

செல்வி கொளஞ்சியம்மாளிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். "உட்றி, நீ இன்னா வெசமா குடுத்த?" என்றது மெலிந்த குரல். அதுதான் செல்விக்குத் தாங்கவில்லை.

இப்போது மாத்திரையை முழுதாகவே விழுங்குகிறாள். போன செவ்வாய்க்கிழமை டிரிப்ஸ் ஏறும்போது சாலமன் பன் வாங்கி வந்தான். பழக்கத்தில் பிட்டுவிட்டாள். நீட்டிய கை, பக்கத்து நாற்காலி காலியென்று கண்டு நின்றது. இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று பொருத்தி, ஒட்டுமா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.