அத்தைக்காகப் போட்ட ஹீட்

அக்டோபர் பிறந்துவிட்டால் நியூ ஜெர்சியில் தமிழ்க் குடும்பங்கள் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரைப் பற்றி ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "உங்க வீட்ல ஹீட் போட்டாச்சா?" கேட்பவருக்கு நம் உடல்நலத்தில் அக்கறை என்று நினைத்துவிடக் கூடாது. போட்டாச்சு என்றால் நாம் சொகுசுக்காரர்கள், இன்னும் போடவில்லை என்றால் கஞ்சர்கள். இரண்டில் எந்தப் பெயர் பரவாயில்லை என்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அம்மா எப்போதும், "போடணும் போடணும்னுதான் இருக்கோம்" என்று பட்டும் படாமலும் சொல்லிவைப்பாள்.

வெஸ்ட் வின்ட்சரில் நாங்கள் இருந்த தெருவில் இதற்கு வீட்டுக்கு வீடு ஒரு சட்டம். எதிர்வீட்டுக் கத்தோலிக்க ஆன்ட்டி, நவம்பர் தொடக்கத்தில் வரும் கல்லறைத் திருநாள் பூசைக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் ஹீட்டரைத் தொடுவார். அதற்கு முன்னால் பனியே கொட்டினாலும் அந்த வீட்டில் போர்வைதான். மூலைவீட்டு யாழ்ப்பாணத்து டாக்டர் அங்கிள் வீட்டில் யாராவது முதல் தும்மல் போட வேண்டும். இன்னொரு வீட்டில் ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்து இறங்கும் நாள்தான் கணக்கு. மாமியார் வராத வருடம் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்கு வெகுநாள் சந்தேகம். எந்த வீட்டுக்குள் ஷூவைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தாலும், தரை சொல்வதை வைத்தே அந்த வீட்டுச் சட்டத்தைக் கண்டுபிடிக்க முயல்வேன். ஒரே தெரு, ஒரே குளிர், ஆளாளுக்கு வேறு வேறு நாளில் எப்படிக் குளிர்கிறது என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

எங்கள் வீட்டில் அந்த முடிவை எடுத்தது இட்லி மாவு. அப்பா சாஃப்ட்வேரில் வேலை பார்த்தவர், எதற்கும் ஆதாரம் கேட்பவர். குளிர்கிறது என்று யார் சொன்னாலும், "அது வெறும் ஃபீலிங். ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்பார். ஆனால் அரைத்து வைத்த மாவு மறுநாள் காலையில் வைத்த மட்டத்திலேயே கிடந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். கல் மாதிரி இட்லி தட்டில் விழுந்ததும், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நேரே ஹாலுக்குப் போய்ச் சுவரில் இருக்கும், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டைத் திருகிவிடுவார். "பிள்ளை நடுங்கினா ஸ்வெட்டர், மாவு நடுங்கினா ஹீட்டர்" என்று அம்மா ஃபோனில் தன் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தத் தெர்மோஸ்டாட்டை அப்பாவைத் தவிர வீட்டில் யாரும் தொட்டதில்லை. தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தொட்டதில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஒரு வழி தெரியும். ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் எந்தக் குளிரிலும் பொங்கிவிடும். இலை நிறம் மாறத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான் வைப்பாள். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு நாள் மறந்துபோய்ச் சமையலறை ஜன்னலோரமாக வைத்துவிடுவாள். மறுநாள் காலையில் கல் இட்லி, உடனே ஹீட். வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் அந்த மறதியை நான் நிஜமான மறதி என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை, கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா அமெரிக்கா வந்த பிறகு அவர்களுடைய பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான். அந்தக் கவனிப்பில் அவளுடைய கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தங்கை மேல் உயிரையே வைத்திருந்த அப்பாவை இது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். லீவு போடச் சொல்லி, டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டார். ஊர் சுற்றிக் காட்டத்தான் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. நயாகரா பார்த்து முடித்த கையோடு, ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பார்சிப்பனியிலிருந்து ஓர் அங்கிள் காபி குடிக்க வந்தார்.

மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. சாதுவான மனிதர். என் சயின்ஸ் புராஜெக்டைப் பற்றி உண்மையாகவே கேள்வி கேட்ட முதல் விருந்தாளி என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் கிளம்பிப் போனதும் அப்பா அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தோணுது?"

"நல்ல மனுஷன்தான் அண்ணா" என்றாள் அத்தை. கொஞ்சம் பொறுத்து, "ஆனா இந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கும்னு தோணல" என்றாள்.

அப்பா சட்டென்று எழுந்து போய் ஹீட்டைப் போட்டார். நான் வாயைப் பிளந்தேன். அன்று காலை மாவு அருமையாகப் பொங்கியிருந்தது, இட்லி பூவாக இருந்தது. ஓர் ஆதாரமும் இல்லாமல், ஒருவர் குளிர்கிறது என்று சொன்ன சொல்லுக்காக எங்கள் வீட்டில் ஹீட் போடப்பட்டது அதுதான் முதல்முறை. கோடை முழுக்கக் குழாய்களில் படிந்திருந்த தூசி கருகும் வாசனை வீடெங்கும் பரவியது. அம்மா சமையலறை வாசலில் நின்று அந்த வாசனையை மோந்து பார்த்தாள்.

எனக்கு அத்தை ஊருக்குப் போய்விடக் கூடாது. சீட்டு விளையாடும்போது சின்னப் பெண்ணாயிற்றே என்று வேண்டுமென்றே தோற்காத ஒரே பெரியவள் அவள். அவள் பார்சிப்பனிக்கு வந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் விளையாடலாம். நடுவில் நிற்பது குளிர் ஒன்றுதான் என்றால் அதைச் சரிசெய்துவிட வேண்டியதுதானே என்று எனக்குப் பட்டது. அப்பாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது. தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும், "இப்ப எப்படி இருக்கு? குளிருதா?" என்று கேட்பார். "கொஞ்சம் குளிருதுண்ணா" என்பாள் அத்தை. அப்பா போய் இன்னும் கொஞ்சம் திருகுவார். வீடு நாளுக்கு நாள் சூடேறியது. நான் அரைக்கை டீ-ஷர்ட்டுக்கு மாறினேன், அப்பா வீட்டில் பனியனோடு இருந்தார். அம்மா புழுக்கம் தாங்காமல் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சமைத்தாள். அத்தை மட்டும் கழுத்துவரை பட்டன் போட்ட ஸ்வெட்டரோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள், மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வையோடு.

இதுதான் எனக்குப் புரியவில்லை. வேர்க்கிறவருக்கு எப்படிக் குளிரும்? பள்ளிக்கூடத்தில் அப்போது ஹைப்பாதெசிஸ், அதாவது கருதுகோள், என்ற சொல்லைப் புதிதாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள், அதை எங்கேயாவது பயன்படுத்தக் கை பரபரத்துக்கொண்டிருந்தது. அத்தையின் அறைக்கு மட்டும் ஹீட் போய்ச் சேரவில்லை என்பதே என் ஹைப்பாதெசிஸ். சனிக்கிழமை காலை அத்தை குளிக்கப் போன நேரத்தில் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தரையில் இருந்த வென்ட் துவாரத்தில் கை வைத்தால் சூடான காற்று வந்தது. ஆனால் கட்டிலை ஒட்டிய ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. குளிர்காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் அது அப்படித்தான் திறந்திருந்தது நினைவுக்கு வந்தது. பாவம், ஊரில் இருக்கும் பழக்கத்தில் திறந்துவைத்துவிட்டு மூடத் தெரியாமல் இருக்கிறாள் போலிருக்கிறது என்று நானே அதை அழுத்தி மூடினேன்.

ஆனால் ஆதாரம் வேண்டுமே. அப்பாவின் மகள் அல்லவா? அன்று காலை அம்மா புதிதாக மாவு அரைத்திருந்தாள். அதிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றை ஹாலில் டிவிக்குப் பின்னால் வைத்தேன். இன்னொன்றை அத்தையின் அறையில், வென்டுக்கு அருகே அவளுடைய பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மாவு வீணாகிறது என்று பிடுங்கிக்கொள்வாள். அத்தை அன்று முழுக்கக் கீழேயே அம்மாவுக்கு உதவியாக இருந்தாள், மாலையில் பார்சிப்பனி அங்கிள் சாப்பிட வருவதாக இருந்தது.

அங்கிள் ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்தார். எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தோம். சுற்றிச் சுற்றிப் பேச்சு குளிருக்கு வந்தது, வராமல் இருக்குமா?

"எங்க வீட்ல அந்தப் பிரச்சினையே இல்லீங்க. எப்பவும் நல்லா செட் பண்ணி வெச்சிருப்பேன்" என்றார் அங்கிள். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "ஆனா ஒரே ஆளா இருந்தா எவ்ளோ வெச்சாலும் குளிரத்தான் செய்யுது" என்றார். மனித உடம்பு ஒரு பல்பு அளவுக்குச் சூடு தரும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். அத்தை போனால் அங்கிள் வீட்டில் ஒரு பல்பு கூடும் என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

"கேட்டியா? அப்புறம் என்ன?" என்றார் அப்பா அத்தையிடம்.

அத்தை ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இல்லண்ணா, எனக்கு இங்கயே தாங்கல. ராத்திரி தூக்கமே இல்ல. என் ரூமுக்கு ஹீட் வர்றதே இல்ல போலிருக்கு."

என் நேரம் வந்துவிட்டது. மாடிக்கு ஓடினேன். என் டம்ளர் பொங்கி, வழிந்து, கார்ப்பெட்டில் ஒரு சின்னக் குளமே கட்டியிருந்தது. அள்ளிக்கொண்டு ஓடிவந்து, டிவிக்குப் பின்னாலிருந்து மற்ற டம்ளரையும் எடுத்து, இரண்டையும் எல்லோர் முன்னாலும் நீட்டினேன்.

"வருது அத்தை! உங்க ரூம்தான் வீட்லயே ஹாட்டஸ்ட். இது ஹால்ல வெச்சது, கொஞ்சம்தான் ரைஸ் ஆகியிருக்கு. இது உங்க ரூம். ஓவர்ஃப்ளோவே ஆயிடுச்சு, லுக்! விண்டோவாலதான் குளிருச்சு. நான் க்ளோஸ் பண்ணிட்டேன்."

"எந்த விண்டோ?" என்றார் அப்பா.

"அத்தை ரூம் விண்டோ. டெய்லி ஓப்பனாத்தான் இருக்கும்."

டம்ளரிலிருந்து மாவு என் முழங்கை வழியாக இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா அத்தையையே பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை, நான் நல்ல சீட்டு ஒன்றை இறக்கும்போது பார்ப்பாளே, அப்படி. பிறகு ஸ்வெட்டரின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றி, நிதானமாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். ரவிக்கை தோள்வரை நனைந்திருந்தது. அப்பாவிடம் பேசாமல் நேராக அங்கிளிடம் பேசினாள்.

"மன்னிச்சுக்கோங்க. எனக்குக் குளிரெல்லாம் இல்ல. எனக்கு இது வேண்டாம். ஊர்ல எனக்கு வேலை இருக்கு, இருக்க ஒரு வீடு இருக்கு. இப்பதான் நான் எனக்குன்னு இருக்கேன். அது நல்லாத்தான் இருக்கு. உங்க மேல ஒரு குறையும் இல்ல."

அம்மா காபி டிரேயோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டிரேயை எங்கேயும் வைக்கத் தோன்றாமல் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

"நீ குளிருதான்னுதானே கேட்டே" என்றாள் அத்தை.

அங்கிள்தான் முதலில் எழுந்தார். என் கையிலிருந்த டம்ளர்களை வாங்கி டேபிளில் வைத்து, "நல்லா பொங்கியிருக்கு" என்றார். பெரிய மனசுக்காரர். இருந்து சாப்பிட்டு, சாம்பாரைப் பாராட்டிவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கார்ப்பெட்டை நாசமாக்கியதற்கு நான் அப்பாவிடம் சாரி சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிருந்தது அதற்காகத்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவர் என் தலையில் கையை வைத்தார், வைத்த கையை எடுக்க மறந்துவிட்டார்.

அத்தை இருந்த மிச்ச நாட்களில் ஸ்வெட்டர் பெட்டிக்குள் போய்விட்டது. ஜன்னலை அகலத் திறந்துவைத்துத் தூங்கினாள், சத்தமாகச் சிரித்தாள், சீட்டில் என்னைத் தோற்கடித்தாள். குளிரவில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஏன் ஊருக்குப் போகிறாள் என்று கேட்டதற்கு, "லீவு முடிஞ்சாச்சுடி" என்று மட்டும் சொன்னாள். நெவார்க் விமான நிலையத்தில் அப்பாவின் தோளில் சாய்ந்து கொஞ்சம் அழுதாள். அம்மாவை வெகுநேரம் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மா அவள் காதில் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள்.

வீடு திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கிளம்பும்போது அப்பா ஹீட்டை அணைத்துவிட்டு வந்திருந்தார். இனி அது யாருக்காக? உள்ளே ஜில்லென்று இருந்தது. அப்பா ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்துகொண்டார். அம்மா கோட்டோடு ஹாலின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நடந்து போய்த் தெர்மோஸ்டாட்டைத் திருகினாள். கீழே பேஸ்மென்ட்டில் ஹீட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

அப்பா நிமிர்ந்தார். "ஏம்மா, என்னாச்சு?"

"எனக்குக் குளிருது" என்றாள் அம்மா. ஹாலில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருமில்லை, ஆனாலும் மாடியில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லாமல், "சரி" என்றார்.

நான் சமையலறைக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருந்தது. முந்தின நாளைவிட அன்று குளிர் குறைவு. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன், அப்போதும் குறைவாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் குளிராத அம்மாவுக்கு, போயும் போயும் இன்றைக்கு எப்படிக் குளிர்ந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.