கண்ணாடி ஆஸ்பத்திரியா, மாடி வார்டா?

நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு வேலை கிடைத்தது. கிடைத்தது என்றால், கையில் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. இரண்டு இடத்திலும் 'வா, பார்க்கலாம்' என்றார்கள், அவ்வளவுதான். அதற்கே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடு வந்து சேரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று, ராஜபாளையம் ரோட்டில் புதிதாக வந்திருந்த பெரிய ஆஸ்பத்திரி. முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஏசி, லிஃப்ட். கோட்டு மாதிரி ஒரு சீருடை தருவார்கள். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டு, வந்தவரை டாக்டர் ரூம் வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விட வேண்டும். இன்னொன்று, ரத வீதிக்குப் பின்னால் இருந்த பழைய நர்சிங் ஹோம். மாடியில் ஒரே ஒரு வார்டு, ஏறுவதற்குப் படிக்கட்டுதான். அங்கே நர்சிங் அசிஸ்டென்ட் என்றால் உடம்பு துடைத்துவிடுவது, விரிப்பு மாற்றுவது, பெட்பேன் வைப்பது, புண் கழுவுவது. இரண்டு இடத்திலும் காலேஜ் விட்டு வந்தபின் சாயங்காலமும், ஞாயிறு முழுக்கவும் வேலை.

அம்மாவுக்கு யோசனையே தேவைப்படவில்லை. கோயில் வாசலில் எங்களுக்கு வளையல் கடை. அங்கே உட்கார்ந்தபடியே முடிவு சொல்லிவிட்டாள்.

"கண்ணாடி ஆஸ்பத்திரிதாம்ட்டி. நீ பெட்பேன் தூக்கவா நான் படிக்க வைக்கேன்? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாவ?"

நாலு பேரிடமும் அவளே போய்ச் சொல்லியும் விட்டாள். என் மகள் கோட்டு போட்டுக்கொண்டு லிஃப்டில் போகப்போகிறாள் என்று வளையல் வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் கோட்டு அல்ல. காலேஜிலிருந்து எங்களை ஆஸ்பத்திரிக்குப் போஸ்டிங் அனுப்புவார்கள். ஒரு கட்டிலைச் சுற்றிக் கல்யாணப் பந்திக்கு நிற்கிற மாதிரி கூட்டம் நிற்கும். நானோ குள்ளம். அதுவரைக்கும் நான் உருப்படியாகப் பார்த்ததெல்லாம் முன்னால் நிற்பவளின் பின்னலைத்தான். ஒரு நோயாளியை நானே தொட்டு, நானே ஒரு காரியத்தைச் செய்து முடிக்க என் கைக்கு வருமா? அது தெரியாமலே நர்ஸ் ஆகிவிடுவேனோ என்று உள்ளுக்குள் பயமாக இருந்தது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது!

கண்ணாடி ஆஸ்பத்திரிக்கு ஞாயிறு சாயங்காலத்துக்குள் போனில் சம்மதம் சொல்ல வேண்டும், திங்களன்று சேர வேண்டும். மாடி வார்டு சிஸ்டரோ, "ஞாயித்துக்கிழமை ஒரு நா வந்து நின்னு பாரு. ஒத்து வந்தா இரு, இல்லேன்னா போயிட்டே இரு" என்று சொல்லியிருந்தார். ஒரு நாள்தானே, பார்த்துவிட்டு வந்து போன் பண்ணிவிடுகிறேன் என்று அம்மாவைச் சமாளித்துவிட்டுக் கிளம்பினேன்.

காலையில் விரிப்பு மாற்றியதிலேயே இடுப்பு ஒடிந்தது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. மறைத்துக்கொண்டு நிற்க ஒரு பின்னல்கூட இல்லை! கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினார்.

அதில் பனவடலிசத்திரத்துக்காரி ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், காட்டு வேலை செய்கிறவள். சர்க்கரை வியாதி. காலில் முள் குத்தி, அது புண்ணாகி, பாதம் வீங்கிக் கிடந்தது. அதன்மேல் ஒரே புற்றுமண் அப்பல். எங்கள் ஊர்க் கோமதி அம்மன் கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கிற மண் அது. புண்ணோ, படையோ, பூச்சிக்கடியோ, எங்கள் பக்கத்தில் முதலில் அதைத்தான் பூசுவார்கள். டாக்டரெல்லாம் அப்புறம்தான்.

"மண்ண ஊற வச்சு நல்லாக் கழுவு. பெறவு நான் வந்து மருந்து வைக்கேன்" என்றார் சிஸ்டர்.

ஆகா, எனக்கே எனக்கென்று ஒரு கால்! கையுறை மாட்டிக்கொண்டு, கீழே பேசின் வைத்து, சலைனை விட்டு விட்டு மெதுவாகத் துடைத்தேன். பாதி மண் கரைந்து தோல் தெரிந்தது. பேசின் நிரம்பியது. பெருமையாகத் தூக்கிக்கொண்டுபோய் எதிரே இருந்த கக்கூஸில் கொட்டினேன்.

"ஏ பாவி மட்ட! சாமி மண்ணக் கொண்டுபோயிக் கக்கூஸ்லயா ஊத்துத?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எந்த ஊருட்டி?"

"இந்த ஊருதாங்க்கா."

"இந்த ஊர்ல பொறந்துட்டா இந்தக் காரியம் செஞ்ச! தாயே கோமதி! இனி எவளும் எங் காலத் தொடக் கூடாது." காலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

சிஸ்டர் வந்து பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாதி கழுவிப் பாதி விட்டா சீழ் ஏறிரும். சாயந்திரம் டாக்டர் வாரதுக்குள்ள அந்தக் கால் சுத்தமா இருக்கணும். உன்னால ஆகலைன்னா சொல்லு, நான் பாத்துக்கிடுதேன். நீ அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரிக்கே போயிரு." அம்மா கடையில் அளந்தது இங்கேவரை வந்திருந்தது!

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிடக் கோபம், என்மேல்தான். எங்கள் வீட்டில் நெற்றிக்கு இட்டு மிஞ்சிய புற்றுமண்ணைக் குப்பையில்கூடப் போட மாட்டோம். கால் படாத இடமாகப் பார்த்துச் செடித் தூரில்தான் போடுவோம். காலேஜ் யூனிஃபார்ம் மாட்டியதும் அதெல்லாம் எனக்கு மறந்துபோச்சு பாருங்கள்.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். "அக்கா, செஞ்சது தப்புதான். மண்ணுத் தண்ணிய வேப்பமரத்துத் தூர்ல ஊத்துதேன். நெத்திக்கு மண்ணு, காலுக்கு மருந்து. சம்மதமா?"

அவள் போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது. "மண்ண எடுத்துட்டா சாமி கைய விட்டுருமோன்னு பயமா இருக்கு பிள்ள. இந்தக் கால் போயிட்டா நான் எப்படிக் களையெடுக்க?"

  தலையணைக்கு அடியில் அவள் வைத்திருந்த பொட்டலத்திலிருந்து மண்ணெடுத்து அவள் நெற்றியில் பூசினேன். அவளே போர்வையை விலக்கிக் காலை நீட்டினாள்.

சிஸ்டரிடம் கேட்டபோது, "ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில குழி தோண்டி ஊத்தி, மேல மண்ணத் தள்ளிரணும்" என்றார். வேப்பமரம் பக்கவாட்டு முற்றத்தில் இருந்தது. அதன் தூரிலேயே குழி தோண்டினேன். பேசின் நிரம்ப நிரம்ப மாடிப்படி இறங்கி ஏறினேன். அவள் ஜன்னல் வழியாக ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கன இல்லட்டி, தூர்ல ஊத்து, தூர்ல!"

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கா வெட்கம்? கால் சுத்தமாகிக்கொண்டே வந்தது. எனக்குப் பாட்டுப் பாடலாம்போல இருந்தது. சிஸ்டர் மருந்து வைத்துக் கட்டும்போது நான் பாதத்தைத் தாங்கிப் பிடித்திருந்தேன். என் கைக்கும் வந்துவிட்டது!

கடைசி பேசினோடு மரத்தடிக்கு வந்தால், கேட்டில் அம்மா!

"போன எடுக்க மாட்டேங்க. அங்க சம்மதம் சொல்ல நேரம் ஆச்சு, இங்க என்னட்டி இது கோலம்? அழுக்குத் தண்ணியச் சொமந்துக்கிட்டு…"

"புத்துமண்ணும்மா" என்று சொல்லிக் குழியில் ஊற்றினேன்.

அவ்வளவுதான். அம்மா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குனிந்தாள். ஈர மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறாள்!

"தொடாதம்மா! புண்ணு கழுவுன தண்ணி அது. கைய எடு!"

நான் போட்ட சத்தத்தில் எனக்கே திக்கென்றது. அம்மாவை அப்படி நான் ஒருநாளும் அதட்டியதில்லை. அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். நான் குழியை மூடி முடிக்கும்வரை அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

மாடி ஜன்னலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏக்கா, ஒம் மவளா? பச்சப் பிள்ளயக் குளிப்பாட்டுத மாதிரி எங் காலக் கழுவுனா. நாளைக்கும் அனுப்பி வையி."

"அவ நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில சேரப் போறா" என்றாள் அம்மா.

"அங்கன போயி எவ காலக் கழுவப் போறா?"

 அம்மா என் பக்கம் திரும்பினாள். யூனிஃபார்ம் முழுக்கச் செம்மண் தெறித்து, தலை கலைந்து நின்றேன். நியாயமாகப் பயந்திருக்க வேண்டும். ஆனால் முகத்திலிருந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

அம்மா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு அனுப்பணும்?"