பர்விஸ் வீட்டுச் சிவப்பு விளக்கு

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இருக்கும். அலுவலகத்தில் அப்போதுதான் காபி இறங்கிக்கொண்டிருந்தது. டெல்ஃபியாவின் மேசையில் தொலைபேசி அடித்தது. அவள் வரத் தாமதமானால் நான் எடுப்பது வழக்கம், எடுத்தேன். அவளுடைய தங்கை நோவெல்.

"அக்கா இன்னிக்கு வர மாட்டா."

"உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.

"இனிமே வர மாட்டா," என்றாள். "தூக்கத்திலேயே போயிட்டா."

அடக்கத்தன்று சர்ச்சில் பாஸ்டர் அவளை நேர்மையான அரசு ஊழியர் என்றார். பொய்யில்லை. ஆனால் அதை யாரைப் பற்றியும் சொல்லலாம். டெல்ஃபியா ஸ்ட்ரவுட் ஒரு விஷயம் ஏன் அப்படி நடக்கிறது என்று தெரியாமல் தூங்கப் போக முடியாதவள். அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

எங்களுடையது மாநில உரிம வாரியம். ஹீட்டர், ஏசி போடும் கான்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது நாங்கள். வீட்டுக்காரர் யாராவது அவர்கள் மேல் புகார் செய்தால் நேரில் போய்ப் பார்ப்பது டெல்ஃபியாவின் வேலை. விசாரணையைப் பதிவு செய்வது என் வேலை. இருட்டில் அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் விடியலில் கிளம்பும் நாட்களில் காரும் நானே ஓட்டுவேன்.

விசாரணைக்குப் போகும் வீட்டில் அவள் முதலில் மெஷினைத் திறக்க மாட்டாள். சமையலறையில் உட்கார்ந்துவிடுவாள். கொடுத்ததைச் சாப்பிடுவாள், கண்டதைக் கேட்பாள். நான் ஒருமுறை அவசரப்படுத்தியபோது, "மெஷின் எங்கயும் ஓடிப் போகாது கண்ணு. மனுஷங்கதான் பேச வந்ததை மறந்துருவாங்க," என்றாள். கான்ட்ராக்டர்கள் அவளுக்கு வைத்த பெயர் கேள்விக்காரி. அது அவளுக்குத் தெரியும். யார் முதலில் வைத்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஜனவரியில் ஹாலிஸ் பர்விஸ் என்ற பெரியவரிடமிருந்து ஒரு புகார் வந்தது. வீட்டைச் சூடாக்கப் புதிதாகப் போட்ட ஹீட் பம்ப் குளிர்காலக் காலைகளில் புகைகிறது, வீட்டுக்குள் சூட்டுக்குப் பதில் குளிர்காற்று அடிக்கிறது, போட்டவரைக் கூப்பிட்டால் அவமரியாதை செய்கிறார். போட்டவர் டூயி லாங்ஃபர்ட். அவர் மேல் ஏற்கெனவே ஒரு புகார் உறுதியாகியிருந்தது. இதுவும் உறுதியானால் லைசென்ஸ் போய்விடும். அப்புறம் வேன் கதவில் எழுதியிருக்கும் தன் பெயரை அவரே சுரண்டி எடுக்க வேண்டியதுதான்.

டூயி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

"மிஸ் டெல்ஃபியா, கோளாறு மெஷின்ல இல்ல. அந்தப் பெரியவர் தலையில."

"தலைக்கு லைசென்ஸ் குடுக்கற வாரியம் வேற, டூயி. நான் மெஷினைத்தான் பாக்க முடியும். நீ எப்போ போய்ப் பாத்தே?"

"ரெண்டு தடவை போனேன். நல்லா வெயில் அடிச்சுது. மெஷின் தங்கமா ஓடுச்சு."

"மத்தியானமா?"

"சாப்பாட்டுக்கு அப்புறம். ஏன்?"

"அவர் காலையிலன்னு எழுதியிருக்கார். நீ மத்தியானம் போயிருக்கே. அவ்வளவுதான், யோசிக்கறேன்."

டூயிக்கு அது பிடிக்கவில்லை. அவள் யோசிப்பது கான்ட்ராக்டர்கள் யாருக்கும் பிடிக்காது.

புல்லெல்லாம் உறைபனி படிந்த ஒரு விடியலில் போனோம். ஹாலிஸ் ஐயா தலையில் தொப்பியோடு கதவைத் திறந்தார். வீட்டுக்குள்ளும் கோட்டு போட்டிருந்தார். சமையலறை ஜன்னலுக்கு வெளியே தோட்டத்து ரப்பர் குழாயை நீட்டித் தயாராக வைத்திருந்தார், மெஷின் தீப்பிடித்தால் அணைக்க. குழாய் உறைந்து குச்சி போல் நின்றது.

சுடச்சுட, பன் போன்ற பிஸ்கட்டும் அத்திப்பழ ஜாமும் வைத்தார். டெல்ஃபியா மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஐயா என்ன வேலை பாத்தீங்க?"

"ஸ்கூல் பஸ் ஓட்டினேம்மா. இந்த ஊர்ல பாதிப் பேரை நான்தான் பள்ளிக்கூடத்துல இறக்கிவிட்டேன். அந்த டூயியையும் சேத்துத்தான். பின்சீட்டுக்கு அடியில சூயிங்கம் ஒட்டுவான். அப்பவே தெரியும் எனக்கு."

அப்போது வெளியே மெஷினின் காற்றாடி நின்றது. உஸ்ஸென்ற இரைச்சலோடு வெள்ளையாக ஏதோ கிளம்பி ஜன்னலை மறைத்தது.

"பாத்தீங்களா? புகை!"

டெல்ஃபியா பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நானும் போனேன். அவள் அந்த வெள்ளைக்குள் கையை விட்டாள், முகர்ந்து பார்த்தாள், ஈரமான விரல்களை என்னிடம் காட்டினாள். ஆவிதான். பனி படிந்தால் ஹீட் பம்ப் கொஞ்ச நேரம் தலைகீழாக ஓடி, வீட்டுச் சூட்டை எடுத்துத் தன் மேலிருக்கும் பனியைத் தானே உருக்கிக்கொள்ளும். அது எங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் வீட்டுக்குள் குளிர்காற்று வராமலிருக்க உள்ளே இருக்கும் மின்சாரக் கம்பிச்சுருள் சூடாக வேண்டும். அது ஏன் ஆகவில்லை என்பதுதான் கேள்வி.

உள்ளே வந்தபோது மேசையில் ஹாலிஸ் ஐயா இல்லை. நடையின் கோடியில் டக்கென்று ஒரு சத்தம். திரும்பி வந்து உட்கார்ந்து காபியை எடுத்தார்.

"எங்க போயிட்டு வர்றீங்க ஐயா?"

"எங்கயும் போகலையே."

"ஏதோ சத்தம் கேட்டுச்சு."

"ஓ, அதுவா? சிவப்பு விளக்கு எரிஞ்சுது. பிரேக்கரை அணைச்சுட்டு வந்தேன்."

டெல்ஃபியா பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள். "தினமும் அணைப்பீங்களா?"

"எரிஞ்சா அணைப்பேன். பஸ்ல சிவப்பு விளக்கு எரிஞ்சா வண்டிய ஓரங்கட்டி இன்ஜினை அணைக்கணும். பிள்ளைங்க உள்ள உக்காந்திருக்காங்க இல்ல? சூடு ஆறினதும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி திரும்பப் போட்ருவேன்."

"டூயி வந்தப்போ இதைச் சொன்னீங்களா?"

"மெஷினைத் தொட்டீங்களான்னு கேட்டான். நான் எங்க தொட்டேன்? தொடலைன்னு சொன்னேன்."

டூயி வரும் நேரத்துக்கு பிரேக்கர் போட்டிருக்கும், பனி உருகியிருக்கும். இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள்.

டெல்ஃபியா நடைக்குப் போய், வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் முன் நின்றாள். சின்னச் சிவப்பு விளக்கு, பக்கத்தில் 'எமர்ஜென்சி' என்று எழுத்து. கம்பிச்சுருள் வேலை செய்கிறது என்பதைத் தவிர அந்த விளக்குக்கு வேறு அர்த்தமில்லை. அவர் அணைத்தது அந்தச் சுருளுக்கு மின்சாரம் போகும் பிரேக்கரை; குளிர்காற்று அடித்தது அதனால்தான். சுவரில் அந்த வார்த்தையைப் பார்க்கிற எந்த பஸ் டிரைவரும் என்ன செய்வாரோ அதைத்தான் ஹாலிஸ் ஐயா செய்திருந்தார்.

விளக்கிச் சொன்னபோது அவர் முகம் சிறுத்துவிட்டது. "அப்போ நான்தானா? சரி, எழுதிக்குங்க. கிழவன் முட்டாள்னு எழுதிக்குங்க."

வீட்டுக்காரர் தவறு என்று எழுதியிருந்தால் அன்றைக்கே டூயி தப்பித்திருப்பார். நான் பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். டெல்ஃபியா தலையசைத்தாள். அங்கிருந்தே டூயியைக் கூப்பிட்டு, "இப்பவே வா. காலையில எப்படி இருக்குன்னு நீயும் பாக்கணும்," என்றாள்.

டூயி தலைகூட வாராமல் வந்தார். தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்து, உள்ளே ஓடிய வயர்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பழைய தெர்மோஸ்டாட்டையே மாட்டிவிட்டேன். மெயின் மெஷின் செத்தாலும் சரி, சுருள் சும்மா துணைக்கு ஓடினாலும் சரி, ஒரே விளக்குதான் எரியும். எல்லாருக்கும் அப்படித்தான் கட்டிவிடறேன்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"யாரும் கேட்டதில்லையே, மிஸ் டெல்ஃபியா."

"நான் கேட்டேன்டா," என்றார் ஹாலிஸ் ஐயா. "போன்ல கேட்டேன். 'அது ஆவி'ன்னு சொல்லி போனை வெச்சுட்டே. நாய விரட்டறவன்கூட அதைவிட ரெண்டு வார்த்தை பேசுவான்."

டூயி தொப்பியைக் கசக்கினார். "தப்புதான் சார். புதுசு ஒண்ணு மாட்டித் தரேன்."

"வேண்டாம். இது என் கண்ணுக்குப் பழகினது. அந்த வார்த்தை மட்டும் என் சுவத்துல இருக்கக் கூடாது. அது போச்சுன்னா புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

டூயியின் வேனிலிருந்து மாஸ்கிங் டேப் வந்தது. என் பேனாவை வாங்கிக்கொண்டு டெல்ஃபியா நெடுநேரம் யோசித்தாள்.

"ஆக்ஸிலரின்னு எழுதுங்க. அதுதான் சரியான பேரு," என்றார் டூயி.

"அது என்ன, வியாதியா?" என்றார் ஹாலிஸ் ஐயா.

டெல்ஃபியா 'உதவி வந்தாச்சு' என்று எழுதி, எமர்ஜென்சி மேல் ஒட்டினாள். ஹாலிஸ் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"உதவி வந்தாச்சுன்னா வண்டிய நிறுத்த வேண்டாம்," என்றார். வாபஸ் கையெழுத்தை நின்றுகொண்டே போட்டார். டூயியின் லைசென்ஸ் தங்கிவிட்டது.

"இந்த டேப் கோடை வரைக்கும் தாங்காது ஐயா. நல்லதா ஒண்ணு அடிச்சுக் கொண்டுவந்து ஒட்டறேன்," என்றாள் டெல்ஃபியா.

நெடுஞ்சாலைக்கு வந்தபின் காரைத் திருப்பச் சொன்னாள். எதையோ விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். ஹாலிஸ் ஐயா வாசலுக்கு வந்ததும் கார் கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

"பஸ்ல நிஜமாவே எப்போவாவது சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்கா?"

"ஒரே ஒரு தடவை. பாலத்து மேல. எல்லாப் பிள்ளைங்களையும் இறக்கி மழையில நிக்க வெச்சேன்."

"என்ன கோளாறு?"

"விளக்குதாம்மா கோளாறு."

திரும்பும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் சிரிப்பை நிறுத்தி, "நனைஞ்ச பிள்ளைங்கள்ல டூயியும் இருந்திருப்பானோ?" என்று கேட்டாள். அடுத்த முறை போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்றேன்.

நேற்று அவள் மேசையைக் காலி செய்தேன். நடு இழுப்பறையில், எழுத்துச் சக்கரத்தைத் திருப்பி அழுத்தினால் பிளாஸ்டிக் பட்டையில் எழுத்து எழும்பும் சின்னக் கருவி இருந்தது. அலுவலகத்தில் எங்களிடம் இருப்பது சிவப்புப் பட்டை. ஹாலிஸ் ஐயா வீட்டு விளக்குக்கென்று தனியாகப் பச்சை வாங்கிப் போட்டிருக்கிறாள். பட்டை இன்னும் வெட்டப்படாமல் கருவியிலேயே இருக்கிறது. அதில் 'உதவி' என்பது வரைக்கும் அடித்திருக்கிறாள்.