தம்பி எடுத்த ஸ்டாண்ட்

முப்பத்திரண்டு கிலோ. பேட்டரியோடு சேர்த்துச் சொல்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தூக்கு என்று கம்பெனிக்காரன் புத்தகத்தில் போட்டிருக்கிறான். போடுவான், அவனுக்கென்ன, அவனா தூக்குகிறான்? தாராவியில் எங்கள் கடைக்கு வரும் மின்சார சைக்கிள்களில் பாதிக்குமேல் வாடகை வண்டிகள். மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கிறவர்கள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பேட்டரிப் பூட்டின் சாவி வாடகைக்கு விட்டவனிடம் இருக்கும். ஆகவே அத்தனையையும் சேர்த்துத்தான், சக்கரம் தரையில் படாமல் வண்டியைப் பிடித்துவைக்கிற ரிப்பேர் ஸ்டாண்டில் ஏற்றியாக வேண்டும்.

ஒற்றை ஆளாக ஏற்றுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். முன்சக்கரம் திரும்பித் தாடையில் அடிக்காமல் இருக்க ஹேண்டிலை ஒரு பழைய டியூபால் கட்டுவேன். இடது தோளை சீட்டுக்கு அடியில் கொடுத்து, வலது கையால் நடுக்குழாயைப் பிடித்து, முழங்காலை மடக்கி எழுந்திருப்பேன். சீட்டுக் கம்பி ஸ்டாண்டின் பிடிக்குள் உட்கார்ந்ததும், தோளால் தாங்கியபடியே ஒரு கையால் முறுக்க வேண்டும். இடுப்பில் சுரீரென்று இழுக்கும். ஐம்பத்தாறு வயதில் செய்கிற வேலையா இது? எட்டு மாதம் செய்தேன். கூடப் பிடிக்க ஆள் இல்லாமல் இல்லை. ஆள் நாலடி தூரத்தில்தான் இருந்தான். நடுவில் ஒரு தகரம்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என் தம்பி. எனக்குப் பதினொரு வயது இளையவன். இருபது வருடம் ஒரே கடையில் ஒன்றாக வேலை பார்த்தோம். வண்டி ஏற்றும்போது அவன் முன்பக்கம் தூக்குவான், நான் பின்பக்கம். ‘ம்’ என்பான், தூக்குவோம். அதற்குமேல் பேச்சே தேவைப்படாது.

பிறகு மின்சார வண்டிகள் வந்தன. மைத்துனன் வீட்டில் வேலை இருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஐரோலியில் அந்த வண்டிகளைப் பழுதுபார்க்கச் சொல்லித்தரும் ஓர் இடத்துக்கு மூன்று வாரம் போய்வந்திருக்கிறான். எனக்குத் தெரியாது. ஒருநாள் ஒரு வண்டிக்காரன் என்னிடம் மோட்டார் ஓடவில்லை என்று காட்டினான். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பி பின்னாலிருந்து, “பாய், இதர் தேதோ. படே பாய்கோ கரண்ட்கா காம் நஹி ஆத்தா” என்றான். அண்ணனுக்குக் கரண்ட் வேலை வராதாம், இவனிடம் கொடுக்க வேண்டுமாம். கடைவாசலில் ஆறு பேர் நிற்கிறார்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கையில் இருந்த ஸ்பேனரை அவன் காலடியில் விட்டெறிந்தேன்.

“ஏலே, அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா அண்ணன்கூட என்னலே சோலி? பிரிச்சிருவோம்.”

“நல்லதைச் சொன்னாலும் உனக்குக் குத்துது. பிரிக்கணும்னா பிரிச்சுக்கோ” என்றான் அவன்.

பிரித்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எது தனக்கு மிஞ்சும் என்று தெரியாததால் மூத்தவன் சமமாக வைப்பான் என்பது கணக்கு. ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். நான் கடைச் சாமான்களை இரண்டு குவியலாக வைத்தேன். காற்றடிக்கிற மெஷின் ஒரு பக்கம், வெல்டிங் செட் இன்னொரு பக்கம். ஸ்டாண்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று பழைய இரும்பு, துருப்பிடித்துப் பார்க்கச் சகிக்காது. மற்றது சிவப்புப் பெயிண்ட் அடித்தது, வாங்கி மூன்று வருடம். சிவப்பை நான் மெஷினோடு சேர்த்து வைத்தேன். தம்பி அந்தக் குவியலைத் தொட்டான்.

“பாத்துக்கோங்க, தம்பிக்குப் புது ஸ்டாண்டையே விட்டுக்குடுக்கான் மூத்தவன். பெரிய மனசுய்யா” என்றார் வந்தவர்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட. தம்பி இங்கே இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், தமிழ் எழுத்து அவனுக்குப் பிடிபடாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அந்தச் சிவப்பு ஸ்டாண்டில் கோளாறு இருந்தது. வண்டியைத் தாங்குகிற இரும்புக் கையை ஸ்டாண்டின் தூணோடு நிறுத்திவைக்கும் கொக்கியின் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. சாதாரண சைக்கிளுக்கு ஒன்றும் ஆகாது. கனமான வண்டியை ஏற்றினால் கை திடீரென்று வழுக்கிக் கீழே இறங்கிவிடும். கொக்கியைக் கடைசிவரை தள்ளி, சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் பிடித்துக்கொள்ளும். கொக்கி பின்பக்கம் இருப்பதால் அந்தத் தட்டு எப்போதும் என்னுடையது. முன்பக்கம் நிற்கும் தம்பிக்குச் சத்தம் மட்டும் கேட்கும். நான் கோபத்தில் எதையோ தட்டுகிறேன் என்று நினைத்து, “ஸ்டாண்டு என்ன பண்ணுச்சு, பாவம்” என்று சிரிப்பான்.

பளபளப்பாக இருப்பதைத்தான் அவன் எடுப்பான் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படி. எடுத்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு அடிபட வேண்டும் என்று நினைத்தேனா? சத்தியமாக இல்லை. நாலு பேர் முன்னால் வண்டி சரிந்து விழட்டும், கரண்ட் படித்தவனுக்கு ஸ்டாண்டில் வண்டி ஏற்றத் தெரியவில்லை என்று சிரிக்கட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அந்தப் புத்திக்குப் பெயர் என்ன என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

தகரம் அடித்த பிறகு நேருக்கு நேர் பேச்சு நின்றது. ஜாடைப் பேச்சு நிற்கவில்லை. அவன் காற்று மெஷினைப் பார்த்து, “உனக்காவது என் அருமை தெரியுதே” என்பான். நான் நாயை விரட்டுகிற மாதிரி, “நன்றி கெட்டதுக்கு இங்க என்ன வேலை” என்பேன். தெருவில் நாயே இருக்காது. இரண்டு வீட்டுப் பெண்கள் மட்டும் எப்போதும்போல் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

மின்சார வண்டி வேலையை நானும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன், வீம்புக்காகவே. அவன் வண்டி ஏற்றும்போது வண்டிக்காரனையே பின்பக்கம் பிடிக்கச் சொல்லி, சக்கரத்துக்கு அடியில் ஒரு மரப்பெட்டியை முட்டுக் கொடுப்பான். அதனால்தான் எட்டு மாதம் எதுவும் நடக்கவில்லை. தகரத்தின் ஓட்டை வழியாக நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். முதலில் பேசினால் நான் இறங்கிப்போனதாக ஆகிவிடுமே என்றும் தோன்றும்.

ஒரு மழைக்காலக் காலையில் அவன் அப்படி ஒருவனைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். என் பக்கம் ஒரு பீகார்க்காரன் பிரேக் சரிசெய்ய வந்து நின்றான். நான் அவன் வண்டியை ஒற்றையாக ஏற்றிவிட்டு, மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னேன்: “எங்களுக்கெல்லாம் முட்டுக்குடுக்க ஆளு வேண்டாம்ப்பா. ஆம்பளைன்னா ஒத்தையில தூக்கணும்.”

பீகார்க்காரனுக்குத் தமிழ் தெரியாது. அவனுக்குச் சொன்னதும் இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். தம்பி கடையில் வேறு யாரும் இல்லை. ஹேண்டிலை டியூபால் கட்டுகிற சத்தம் கேட்டது. மரப்பெட்டியை இழுத்துப்போடுகிற சத்தம் கேட்கவில்லை. என் வழியை அவனும் ஓட்டை வழியாகப் பார்த்திருக்கிறான். ‘ம்’ என்று அவன் முனகியதும் ஒற்றையாகத் தூக்குகிறான் என்று தெரிந்துவிட்டது. பிடி முறுக்குகிற சத்தம் வந்தது. கொக்கி விழுகிற சத்தம் வந்தது. அதற்குப் பிறகு வரவேண்டிய சுத்தியல் சத்தம் வரவில்லை.

‘தட்டுலே’ என்று ஒரு வார்த்தை கத்த எனக்கு நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது. வாயில் வெற்றிலை இருந்தது, அதைத் துப்பக்கூட நேரம் இருந்தது. நான் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

வண்டி இறங்கிய சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. உடனே, “அண்ணே!” என்று ஓர் அலறல். எட்டு மாதத்தில் அவன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஓடினேன். ஸ்டாண்டின் கைக்கும் தூணுக்கும் நடுவில் அவன் வலது கை. கொக்கியை விடுவித்து, வண்டியோடு சேர்த்து அந்த இரும்புக் கையை நானே ஒற்றையாக மேலே தூக்கி அவன் கையை விடுவித்தேன். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. துண்டால் சுற்றி, டாக்சியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. ஸ்பேனர் பிடிக்கிற விரல்கள்.

அவன் மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அத்தான், நல்லவேளை நீங்க பக்கத்துல இருந்திய. இல்லன்னா என்ன ஆயிருக்கும்?”

சாயங்காலம் தம்பி கண் விழித்தான். கட்டுப்போட்ட கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நாக்கு குழற, “அண்ணே, அந்தக் கொக்கி புடிக்க மாட்டேங்கு. உன்னுது அதைவிடப் பழசு. ஒத்தையில தூக்காத. ஆளு இல்லன்னா என்னைக் கூப்பிடு, நான் பக்கத்துலதானே இருக்கேன்” என்றான்.

அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். “சரிலே, தூங்கு” என்றேன்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். அவன் பக்கத்து ஷட்டரைத் திறந்து, சிவப்பு ஸ்டாண்டை நாலாகக் கழற்றி, கொக்கியைத் தனியாக எடுத்தேன். கைவண்டியில் ஏற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். கொக்கியை மட்டும் மாகிம் ஓடையில் எறிந்தேன். தேய்ந்த பல்லை யாராவது பார்த்தால், இது நேற்று இன்று தேய்ந்தது இல்லை என்று தொழில் தெரிந்தவன் சொல்லிவிடுவானே.

இப்போது தகரம் இல்லை. மறுபடி ஒரே கடை. அவன் இடது கையால் வேலை பழகிக்கொண்டிருக்கிறான். கடைக்கு வருகிற ஊர்க்காரர்களிடம் எல்லாம் அவன் சொல்கிற கதை ஒன்று உண்டு. “என் கையை நசுக்குன ஸ்டாண்டை எங்க அண்ணன் அன்னைக்கு ராத்திரியே ஒடைச்சு இரும்புக்குப் போட்டுட்டான் தெரியுமா? எட்டு மாசம் பேசலைதான். ஆனா தம்பிக்கு ஒண்ணுன்னா தாங்க மாட்டான்.”

சொல்லிவிட்டு, சரிதானே என்பது மாதிரி என்னைப் பார்ப்பான். நான் தலையை ஆட்டுவேன்.