வௌவால் எச்சம் தேடி அவிநாசிப் பக்கம்

கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டேன். "வௌவால் எச்சம் எடுக்க" என்றாள் ஷமீமா. என் மனைவி விலங்குகளின் ஒட்டுண்ணிகளை ஆராய்பவள். எனக்கோ ஹார்டுவேர் கடை. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை என்பதால் தப்பிக்க வழியில்லை.

அவிநாசி தாண்டி ஒரு கோழிப் பண்ணை. அங்கே பூட்டிக் கிடக்கும் பஞ்சு குடோனில், பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள் தொங்குகின்றன. போன மாதம் அவற்றின் எச்சத்தில் ஒரு குடல் ஒட்டுண்ணியைப் பார்த்தாள். ஒற்றைச் செல் உயிரி. முட்டைக்கு இணையான அதன் உறைகள், இதுவரை எழுதப்பட்ட எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. புது இனம் என்று எழுத வேண்டுமானால், அதே கூட்டத்தில் இன்னொரு முறை பார்த்தாக வேண்டும்.

கோவையிலிருந்து சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் அவிநாசி ரோடு காலியாக இருக்கும். காரில் ஒரு மணி நேரம்.

ஆறு மணிக்குப் போய் இறங்கினால், குடோன் வாசலில் காய்ந்த தென்னை மட்டை குவிந்திருக்கிறது. பண்ணைக்காரர் பழனியம்மாள் கையில் தீப்பெட்டி!

"வாங்க அம்மணி. புகை போட்டு அத்தனையும் ஓட்டிப்போடலாம்னு இருக்கேனுங்க."

ஷமீமாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. "ஏனுங்கக்கா, என்னாச்சுங்க?"

"நீங்கதானுங்களே போன்ல சொன்னீங்க, கோழிக்கு ரத்தக்கழிச்சல் கொண்டார கிருமியோட சாதின்னு. ஷெட்டு நெறையக் கோழி நிக்குது. எனக்குத் தூக்கம் வருமுங்களா?"

நியாயமான பயம்தான்.

"சாதி ஒண்ணுதானுங்க, ஆனா இருக்கற ஊடு வேற. கோழியோடது கோழிக்குள்ளதான் வளரும். இது வௌவாலை உட்டு வராதுங்க."

"ஆட்டுக்கு?"

"ஆட்டோடது தனிங்க."

பழனியம்மாள் விடவில்லை. ஷமீமா காரிலிருந்த மைக்ராஸ்கோப்பை எடுத்து வைத்து, போன மாதத்துச் சாம்பிளைக் காட்டினாள். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "கடுகாட்ட உருண்டையா இருக்குது. கோழியோடது?" படத்தில் காட்டினாள்; அது நீள்வட்டம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டார். மூவரும் சேர்ந்து மட்டையை அப்புறப்படுத்தினோம்.

பிறகு வௌவால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பிவிட்டு வெளியே காத்திருந்தோம். இரவு வேட்டை முடிந்து திரும்பித் தொங்கிய வௌவால்கள் சீரகம் போல எச்சத்தை உதிர்க்க உதிர்க்க, ஷமீமா குழந்தை மாதிரி என் கையைக் கிள்ளினாள். எச்சத்தைக் கெடாமல் வைக்கும் ஆரஞ்சு நிறக் கரைசலில் போட்டு மூடி, சோப்பு போட்டுக் கை கழுவியதும் பழனியம்மாள் வீட்டில் எங்களுக்கு இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப் பாலும் கிடைத்தன. இதைவிட நல்ல கல்யாண நாள் விருந்து சாப்பிட்டதில்லை.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: உரிமையாளரிடம் முன்பே கேளுங்கள். மாஸ்க், கையுறை கட்டாயம்; வௌவாலிடம் வேறு கிருமிகளும் இருக்கலாம். தொடாதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள், குட்டி போடும் காலத்தில் போகாதீர்கள். கோழி ஷெட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

அடுத்த வாரம் கடைக்கு போன் வந்தது. எதிர்முனையில் ஷமீமாவின் ஒரே கத்தல். அதே உருவம், அதே அளவு, உறைக்குள்ளே அதே நாலு குட்டிப் பொட்டலங்கள். புது இனம்தான்! பழனியம்மாளையும் போனில் சேர்த்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க ஊர் பேரையே வெக்கலாம்னு இருக்கேனுங்க."

"ஐயோ கண்ணு, கழிச்சல் கிருமிக்கா? பக்கத்து ஊர் பேர வெச்சுப்போடுங்க!"

"உங்க வௌவாலுக்குக் கழிச்சல் ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது."



"ஊர் பேர உலகம் பூரா படிப்பாங்களா?"

"இதைத் தேடறவங்க எல்லாரும் படிப்பாங்க."

"அப்பச் செரி. எங்க ஊருக்கு பெரிய 'ற'னாங்க. தப்பில்லாமப் போடுங்க."