ஓடு வேயாத கொட்டகை

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பியூனிலிருந்து ஹெட்மாஸ்டர் வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அப்படிப்பட்ட ஆளைப் பிடித்து நகரசபையின் கலை ஆலோசனைச் சமிதியில் உட்கார வைத்தார்கள். பாலக்காட்டுக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் சின்ன டவுனில் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், ஆபீஸ் காரியமெல்லாம் மலையாளம். சமிதியில் தமிழ் ஆள் ஒருவராவது வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தமிழ் வாத்தியாரான நான் அகப்பட்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, பெரிய மனுஷனாகிவிட்ட நினைப்பில் முதல் கூட்டத்துக்குப் போனேன்.

சமிதியில் நாங்கள் ஐந்து பேர். தலைவர் ஒரு கவுன்சிலர், நிதானமான மனிதர். ஒரு வக்கீல், ஓய்வு பெற்ற மலையாள வாத்தியார் ஒருவர், அரிசி மில்காரர் ஒருவர், பிறகு நான். வாசகசாலைக்கு அறை வேண்டும், செண்டை மேளம் பழகுகிற இடத்துக்குக் கூரை வேண்டும், நாடகம் போட மேடை வேண்டும் என்று வார்டு வார்டாக மனு வரும். ஜீப்பில் போய் இடத்தைப் பார்ப்போம். பிறகு கூட்டத்தில் மனுக்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, இதற்காக யாராவது பேசுகிறீர்களா என்று தலைவர் கேட்பார். ஒருவர் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும், சிபாரிசோடு கவுன்சிலுக்குப் போய்விடும். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் அந்த மனுவை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். சட்டத்தில் எழுதாத வழக்கம்தான் இது. ஆனால் ஒழுங்காக நடந்தது. தமிழில் வந்த மனுக்களை மலையாளத்தில் எழுதிக் கொடுக்கிற வேலை என்னுடையது.

அப்படி நான் எழுதிக் கொடுத்தவற்றில் என் அக்கா வீட்டுக்காரருடைய மனுவும் ஒன்று.

மச்சானுடைய ஊர் நகரசபையின் கடைசி வார்டு. பேருக்குத்தான் டவுன், பார்க்கிற இடமெல்லாம் கடலைக்காடும் பனைமரமும். அங்கே மண்சுவர் வைத்து, பனையோலை வேய்ந்து ஒரு கொட்டகை. ஒரு பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மெத்தின மேடை. மச்சானுக்கு நாலு ஏக்கர் பூமி இருந்தது, அதைவிடப் பிரியமாக ஒரு ஆர்மோனியப் பெட்டி இருந்தது. மாரியம்மன் நோம்பிக்கு நாடகம் போட, வேலை முடிந்து வந்தவர்கள் பொழுது சாய அங்கே கூடுவார்கள். பெண்கள் கும்மி பழக வருவார்கள். மார்கழி, தையில் கணவாய்க் காற்று ஓலையைப் பிய்க்கும். ஜூனில் பிடிக்கிற இடவப்பாதி மழை மிச்சத்தை அழுக வைக்கும். வருஷா வருஷம் கூரை வேய்வதே அவருக்குப் பாதி வேலை. ஓடு போட்ட கூரை, சிமெண்ட் மேடை, பெண்கள் இருக்க ஒரு சாய்ப்பு அறை, இவ்வளவுதான் அந்த மனுவில் கேட்டிருந்தது.

நாங்கள் இடம் பார்க்கப் போன அன்று மச்சான் இளநீர் வெட்டி வைத்திருந்தார். தனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் ஒவ்வொரு மூலையாகக் காட்டினார். வக்கீல் கேட்டார் என்று உட்கார்ந்து ஆர்மோனியமும் வாசித்தார். தலைவர் தலையாட்டிக்கொண்டே கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மச்சான் என்னை மற்றவர்களைப் போலவே 'சார்' என்று கூப்பிட்டார், நானும் அவரை யாரோ போலப் பார்த்துக்கொண்டு நின்றேன். சபையில் உறவு காட்டக்கூடாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பால்குடியிலிருந்தே ஊறிய பழக்கம். திரும்பும்போது ஜீப்பில் வக்கீல், "மாஷே, இதினு மாஷ் பறஞ்ஞால் மதி" என்றார். மாஷ் என்றால் வாத்தியார்; நான் பேசினாலே போதுமாம். நான் சிரித்து வைத்தேன்.

எங்கள் பகுதியின் ஊர்க்கூட்டத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கோயில் முன்னால் கூட்டம் நடக்கும்போது ஒரு வீட்டுக் காரியம் பேச்சுக்கு வந்தால், அந்த வீட்டு ஆளும் அவருடைய ஒறமொறைச் சொந்தக்காரர்களும் எழுந்து வெளியே போய்விட வேண்டும். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். தானாகப் போவதுதான் மரியாதை. நீங்கள் நல்லது செய்வீர்கள் என்று நம்பித்தான் போகிறேன் என்பது அதற்கு அர்த்தம். அப்படிப் போனவருக்குப் பாதகமாக ஊர் முடிவு சொன்னதை நான் பார்த்ததில்லை. எழாமல் உட்கார்ந்து தன் காரியத்தைத் தானே பேசினவனை, வெட்கம் கெட்டவன் என்று பத்து வருஷம் கழித்தும் பேசுவார்கள். எங்கள் அப்பா எழுந்து போவார், மச்சானும் எழுந்து போவார்.

சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூட்டம். மூன்றாவதாக மச்சானுடைய மனுவைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன், மேஜை மேல் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் யார் யாருக்கு என்ன உறவு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் மச்சான் எனக்கு யார் என்று தெரியாது என்கிற சின்ன விஷயம், பி.ஏ. படித்து வாத்தியார் வேலை பார்த்த என் மண்டையில் ஏறவில்லை.

வராந்தாவில் வந்து நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மச்சான் நின்றுகொண்டிருந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. நான் வெளியே வந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மச்சானுக்கு நான் மாப்பிள்ளை; மாப்பிள்ளை எழுந்து வந்துவிட்டார் என்றால் உள்ளே காரியம் நல்லபடியாக நடக்கிறது என்று அர்த்தம். அவரைப் பார்த்து நான் சிரித்தேன். பக்கத்தில் வந்து பேசுவது முறையில்லை என்று, கும்பிடுகிற மாதிரி நெஞ்சில் கையை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

ஊரில் என்றால், காரியம் முடிந்ததும் ஒருவர் வெளியே வந்து வாங்க என்று கூப்பிடுவார். இங்கே என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நானே உள்ளே போனேன். செண்டைக்காரர்கள் மனுவைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்கவில்லை. அதுவும் கேட்கக்கூடாது. தலைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நம்முடைய பெருந்தன்மையை மெச்சுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மச்சானும் கூட்டாளிகளும் கொட்டகையின் கூரையைப் பிரித்துவிட்டார்கள்.

ஓடு வரப்போகிறது, பழைய ஓலை எதற்கு என்று ஆளுக்கொரு பக்கமாக நின்று பிரித்திருக்கிறார்கள். நல்ல ஓலையை மாட்டுக்கொட்டாய்க்கு வேண்டியவர்கள் கொண்டுபோனார்கள். மக்கின ஓலை குப்பைக்குழிக்குப் போனது. இடைச்சுவரையும் இடித்துச் சமன் செய்தாயிற்று. அன்றைக்கு அக்கா எல்லோருக்கும் கச்சாயப் பலகாரம் சுட்டுக் கொடுத்தாளாம். பரீட்சைத் தாள் திருத்துகிற வேலையில் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் பழைய தீர்மானங்களைக் கிளார்க் வாசித்தார். மூன்றாவது மனு, யாரும் பேசாததால் ஒதுக்கி வைக்கப்பட்டது. காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி வாசிக்கச் சொன்னேன். அதேதான். எனக்கு வந்த கோபத்தில் மேஜையைத் தட்டிவிட்டேன். கண்ணால் பார்த்தீர்களே, இளநீர் குடித்தீர்களே, ஒருவருக்குக்கூடவா பேச வாய் வரவில்லை என்று சத்தம் போட்டேன்.

தலைவர் அமைதியாகத்தான் சொன்னார். "மாஷ் எறங்ஙிப் போயல்லோ." நீங்கள்தானே எழுந்து போனீர்கள் என்றார். அந்த வார்டை அறிந்த ஒரே ஆள் நான். பெயரைக் கேட்டதும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியேறினால், அங்கே என்னவோ கோளாறு, வாத்தியார் வாயால் சொல்லக் கூச்சப்படுகிறார் என்றுதானே நினைப்பார்கள்.

"அவர் என் அக்கா வீட்டுக்காரர்!" என்று கத்தினேன்.

தலைவர் திகைத்துப் போனார். "அது பறயண்டே மாஷே?" என்றார். அதைச் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டார். அந்த வருஷத்துப் பணம் மற்ற மனுக்களுக்குப் பிரிந்துவிட்டது, அடுத்த வருஷம் முதல் மனுவாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கோபப்பட ஆள் கிடைக்காத கோபம் எவ்வளவு மோசமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே பஸ் பிடித்து மச்சான் ஊருக்குப் போனேன். இரண்டு நாளாக மழை பிடித்திருந்தது. கொட்டகை இருந்த இடத்தில் நாலு மண்சுவர் நனைந்து நின்றது. மேடையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மச்சான் குடையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை. ஓடு எப்பங்க வருது? செவுரு தாங்காதாட்ட இருக்குதுங்க."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லி முடித்தபோது அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பேரு கூப்புட்டப்ப நீங்க எந்திரிச்சு வெளிய வந்துட்டீங்க. அதானுங்க நடந்துச்சு?"

"ஆமாங்க மச்சான்."

"அப்பறம் என்னங்க. மொறைப்படிதானே செஞ்சீங்க. நானா இருந்தாலும் எந்திரிச்சுத்தான் வந்திருப்பேன்."

பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். என்னவோ கேட்க வந்தவர் போல வாயைத் திறந்தார். அப்புறம், "ஊட்டுக்கு வாங்க, நனையாதீங்க" என்று குடையை என் பக்கம் சாய்த்தார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு, அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன்.

புது ஓலை வெட்டிக் காயவைக்க வெயில் இல்லை. ஆடி பிறப்பதற்குள் சுவர் கரைந்து விழுந்தது. அந்த வருஷம் நோம்பிக்கு நாடகம் இல்லை. பழக இடமில்லை என்றதும் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மிருதங்கம் வாசித்தவர் சொந்தக்காரர்களோடு மூணாறுக்குத் தேயிலைப் பேக்டரி வேலைக்குப் போனார். ராஜா வேஷம் கட்டினவர் கோயமுத்தூரில் மில்லில் சேர்ந்தார். அடுத்த வருஷம் மனுவை நானே எழுதி எடுத்துக்கொண்டு கையெழுத்துக்குப் போனேன். "கூரை போட்டுட்டு உள்ள ஆரை உக்கார வெக்கறதுங்க மாப்பிள்ளை?" என்று கேட்டு, மச்சான் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்னும் மூன்று வருஷம் அந்தச் சமிதியில் இருந்தேன். வந்த மனுவுக்கெல்லாம் தொண்டை கட்டப் பேசினேன். மாஷ் வக்கீலை மிஞ்சிவிட்டார் என்று கேலி செய்தார்கள். எத்தனையோ இடத்துக்குக் கூரை ஏறியது, மேடை வந்தது. திறப்பு விழாவுக்குக் கூப்பிடுவார்கள். புது ஓட்டின் வாசம் மூக்கில் ஏறினால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வேன். பாதியிலேயே கிளம்பிவிடுவேன்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் மச்சான் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். கருமாதி முடிந்து ஒறமொறையெல்லாம் கலைந்த பிறகு, அக்காவோடு உட்கார்ந்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்.

"ஏந்தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அன்னைக்கு நகரசபையில நீ வெளிய வந்தப்ப, அவரைப் பாத்துச் சிரிச்சியா?"

"ஏங்க்கா?"

"அவருக்கு அதுதான் கடைசி வரைக்கும் மனசுல கெடந்து அரிச்சுது. மாப்பிள்ளை சிரிச்சாட்ட இருந்துச்சுன்னுதான் வந்து கூரையைப் பிரிச்சாரு. அப்பறம், மாப்பிள்ளை சிரிச்சே இருக்க மாட்டாரு, எனக்குத்தான் அவசரத்துல அப்படித் தெரிஞ்சிருக்கு, நானே என்ற கையால கெடுத்துப்போட்டேன்னு பொலம்புவாரு. மாப்பிள்ளைகிட்டக் கேட்டா மனசு சங்கடப்படுவாருன்னு கேக்கவே இல்ல."

சிரித்தேன் அக்கா, வாய் நிறையச் சிரித்தேன் என்றேன்.

அவள் கடலையை முறத்தில் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதை அவருகிட்டச் சொல்லியிருக்கலாமல்ல தம்பி" என்றாள்.